குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் எது இல்லை?

ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது என்று ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், டாக்டர் சீக்கிரமே ஒரு ஊசியைப் பற்றிப் பேசுவார். குழந்தையின் நுரையீரலுக்காக என்பார். ஊசி போடுவது தாய்க்கு. பலன் கிடைக்க வேண்டியது வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு. பதறிப்போய் நிற்கும் குடும்பத்தில் யாரும் 'அது எப்படி டாக்டர்?' என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரைப் பற்றியும் கூடவே சொல்லியாக வேண்டும். பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு அவர் 1950களில் கேட்ட ஒரு கேள்விதான் தொடக்கம்.

முதல் மூச்சு

கருப்பையில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது. நுரையீரலே சுரக்கும் ஒரு திரவம்தான் அதை நிரப்பியிருக்கும். ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியே வந்துவிடுகிறது. பிறந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாக மாற வேண்டும். திரவம் விலக வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும், போன காற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கவும் வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் நம் விஷயம். மூச்சை எவ்வளவு வெளியே விட்டாலும் நம் நுரையீரல் முழுசாகக் காலியாவதில்லை. மூச்சுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு இவை 30 கோடிக்கும் மேல். மூச்சை விட்ட பிறகும் இவை ஓரளவு திறந்தே இருப்பதால்தான் அடுத்த மூச்சை இழுப்பது நமக்கு ஒரு வேலையாகவே தெரிவதில்லை.

ஆனால் இந்த நுண்ணறைகள் எந்நேரமும் மூடிக்கொள்ளத்தான் பார்க்கின்றன. காரணம் அவற்றின் உட்சுவரில் இருக்கும் ஈரம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால், காற்றைத் தொடும் இடத்தில் நீர்ப்பரப்பு சுருங்கப் பார்க்கும். பள்ளியில் பரப்பு இழுவிசை என்று படித்திருப்போம். மழையில் நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் போனால் அடம்பிடிக்குமே, நுண்ணறைக்கு நேரக்கூடியதும் ஏறக்குறைய அதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரில் வழங்கும் ஒரு விதியின்படி, இழுவிசை மாறாமல் இருந்தால் குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதற்குள் அழுத்தம் அதிகம். குமிழியின் ஆரம் பாதியானால் அழுத்தம் இருமடங்காகும். அதாவது நுண்ணறை சுருங்கச் சுருங்க, அதை இன்னும் சுருக்கும் விசையும் ஏறிக்கொண்டே போகும். பெரிய நுண்ணறையோடு இணைந்த சின்ன நுண்ணறை, தன் காற்றையெல்லாம் பெரியதிடம் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அப்படி ஆகாமல் நாம் உயிரோடு இருக்கிறோம் என்றால் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

விடுபட்டது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். நுண்ணறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் இதைத் தயாரிக்கின்றன. சுமார் 90 சதவீதம் கொழுப்பு, மிச்சம் சில புரதங்கள். இந்தக் கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது. அதனால் அவை ஈரத்தின் மேற்பரப்பில், ஒரு முனை நீரிலும் மறுமுனை காற்றிலுமாக நின்றுகொள்ளும். நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அவற்றின் இழுப்பைக் குறைத்துவிடும்.

குறைப்பது மட்டும் இதன் திறமை இல்லை. நுண்ணறை சுருங்கும்போது இந்த மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது பரப்பு இழுவிசை கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்கே இறங்கிவிடுகிறது. விரியும்போது விலகி நிற்கின்றன, இழுவிசை மறுபடி ஏறுகிறது. எப்போது மூடிக்கொள்ளும் ஆபத்து அதிகமோ, சரியாக அப்போது இழுப்பு இல்லாமல் போகிறது. சாதாரண சோப்பும் இழுவிசையைக் குறைக்கும். ஆனால் இப்படிப் பரப்புக்கு ஏற்ப ஏற்றி இறக்கத் தெரியாது.

கருவின் உடலில் இந்தத் தயாரிப்பு சுமார் 24 வாரத்தில் மெல்லத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு மாதிரிதான். ஒவ்வொரு முறையும் மூடிக்கிடக்கும் நுண்ணறைகளை முதலிலிருந்து திறக்க வேண்டும். விலா எலும்புகள் இன்னும் இளசு என்பதால் இழுக்கிற இழுப்பில் நெஞ்சே உள்வாங்கும். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, மூச்சை விடும்போது ஒரு முனகல். கொஞ்ச நேரத்தில் குழந்தை களைத்துவிடும்.

கண்ணாடிச் சவ்வும் தவறான தடயமும்

1950களில் அமெரிக்காவில் இந்த மூச்சுத்திணறலால் ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. நோய்க்கு அப்போது ஹயலின் மெம்பரேன் நோய் என்று பெயர். இறந்த குழந்தைகளின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்தால் நுண்ணறைகளின் உட்புறம் இளஞ்சிவப்பாக, கண்ணாடி போல ஒரு சவ்வு படிந்திருக்கும். கண்ணுக்கு எதிரே சவ்வு இருக்கிறது, குழந்தை மூச்சுமுட்டி இறந்திருக்கிறது. ஆகவே சவ்வுதான் மூச்சை அடைத்தது என்று முடிவு கட்டினார்கள். அந்தச் சவ்வு எங்கிருந்து வந்தது என்பதில்தான் வாதம் நடந்தது. பனிக்குட நீரைக் குழந்தை உறிஞ்சிக்கொண்டதா, பால் புரையேறியதா என்றெல்லாம் பேசினார்கள்.

அந்தக் காலத்து மருத்துவர்களை இதற்காகக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடித் துண்டில் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது இருப்பது தெரியும், இல்லாதது எப்படித் தெரியும்? அதிலும் சர்ஃபாக்டன்ட் என்ற ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதபோது? ஆனால் தடயங்கள் இல்லாமல் இல்லை. ஒரு மூச்சுகூட விடாமல் இறந்தே பிறந்த குழந்தைகளிடம் இந்தச் சவ்வு காணப்படவில்லை. 1956இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சவ்வில் ஃபைப்ரின் இருப்பதைக் காட்டினார்கள். அது ரத்தத்திலிருந்து வரும் பொருள். பாலிலிருந்தோ பனிக்குட நீரிலிருந்தோ அல்ல. அதாவது சவ்வு வெளியிலிருந்து வந்ததல்ல. திறக்கவும் மூடவும் போராடிக் காயப்பட்ட நுரையீரல் கசியவிட்டது. நோயின் காரணம் என்று நினைத்தது நோயின் விளைவு.

ஏவரி 1927இல் நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அக்கம்பக்கத்தில் இருந்த எமிலி பேக்கன் என்ற பெண் குழந்தை மருத்துவரைப் பார்த்துத்தான் தானும் டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். 1952இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு அவருக்கே காசநோய் வந்தது. நீண்ட ஓய்வு தேவைப்பட்டது. நுரையீரலின் மேல் தனக்கு ஆர்வம் வந்ததற்கு அந்த நோயும் ஒரு காரணம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஹாப்கின்ஸில் பயிற்சியில் இருந்தபோது மூச்சுத்திணறி இறக்கும் குறைமாதக் குழந்தைகளை அவர் நிறையப் பார்த்தார். இறந்த குழந்தைகளின் நுரையீரல்களைப் பார்க்கையில் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் மூச்சுப்பாதையில் நுரை இருந்தது. இந்த நோயால் இறந்த குழந்தைகளிடம் நுரையே இல்லை. எல்லோரும் சவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் நுரை எங்கே போனது என்று கேட்டார். என்னைக் கேட்டால், அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் இதற்குப் பதில் தேடியதில் கிடைத்தவை.

நச்சுவாயு ஆராய்ச்சியிலிருந்து வந்த பதில்

நுரையைப் பற்றி அப்போது நன்றாகத் தெரிந்தவர்கள் குழந்தை மருத்துவர்கள் அல்ல. ராணுவ ஆய்வகங்களில் இருந்தவர்கள். பாஸ்ஜீன் போன்ற நச்சுவாயுவைச் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்து, நுரை நுரையாக மேலே வரும். இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் இந்த நுரையை ஆராய்ந்தார். வழக்கமான நுரை தானாகவே உடைந்துவிடும்; நுரை அடக்கும் மருந்து பட்டால் இன்னும் வேகமாக உடையும். நுரையீரல் குமிழிகளோ அசையாமல் நின்றன. அவற்றின் பரப்பு இழுவிசை ஏறக்குறையப் பூஜ்ஜியமாக இருந்தால்தான் அப்படி நிற்க முடியும் என்று 1955இல் எழுதினார்.

அமெரிக்காவில், மேரிலாந்தின் எட்ஜ்வுட் ராணுவ ஆய்வகத்தில் ஜான் கிளமென்ட்ஸ் இதை அளந்தே காட்டினார். நுரையீரலைச் சிறு துண்டுகளாக்கி உப்புநீரில் கலக்கி, அந்தச் சாற்றை ஒரு தட்டையான தொட்டியில் ஊற்றினார். நகரும் தடுப்பு ஒன்றால் திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கியும் விரித்தும், மேலிருந்து தொங்கும் மெல்லிய உலோகத் தகட்டை அது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். பரப்பு சுருங்கினால் இழுவிசை விழுந்தது, விரிந்தால் ஏறியது. 1957இல் இது வெளியானது.

உண்மையில் இருவருக்கும் முன்பே, 1929இல், சுவிட்சர்லாந்தில் குர்ட் ஃபான் நெயர்கார்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்திருந்தார். நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் நிரப்பி விரிக்க மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று கண்டார். திரவத்தால் நிரப்பினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை, ஆகவே இழுவிசையும் இல்லை. பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றுகூட யோசித்திருக்கிறார். ஜெர்மன் மொழியில் வந்த அந்தக் கட்டுரையைக் கால் நூற்றாண்டு யாரும் சீண்டவில்லை.

ஏவரி அப்போது பாஸ்டனில், ஹார்வர்டில் ஜெரி மீட் என்ற நுரையீரல் இயங்கியல் நிபுணரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கிளமென்ட்ஸின் வேலையைக் கேள்விப்பட்டு, 1957 டிசம்பரில் எட்ஜ்வுட்டுக்கே போய் அந்தக் கருவியைப் பார்த்தார். கிளமென்ட்ஸ் தயங்காமல் எல்லாவற்றையும் காட்டினார். ஏவரி பாஸ்டன் திரும்பித் தானும் அப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டார். பிறகு இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றை ஒவ்வொன்றாக அளந்தார். வேறு காரணத்தால் இறந்த, ஓரளவு வளர்ந்த குழந்தைகளின் சாற்றில் இழுவிசை நன்றாகக் கீழே இறங்கியது. மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளிடமும், ஹயலின் மெம்பரேன் நோயால் இறந்தவர்களிடமும் இறங்க மறுத்தது. 1959இல் ஏவரியும் மீடும் இதை வெளியிட்டார்கள். சவ்வு அல்ல, சர்ஃபாக்டன்ட் இல்லாமைதான் நோய்.

கட்டுரை வந்ததும் உலகம் எழுந்து நின்று கைதட்டிவிடவில்லை. பலருக்குச் சந்தேகம் இருந்தது. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஐந்து வாரங்களுக்கும் மேல் முன்கூட்டியே பேட்ரிக் என்ற மகன் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. அதே மூச்சுத்திணறல். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் வைத்தும்கூட இரண்டு நாளில் இறந்துபோனான். நாட்டின் எல்லா வசதியும் இருந்த குடும்பம். காரணம் தெரிந்து நான்கு வருடம் ஆகியும், செய்வதற்கு டாக்டர்கள் கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த நோய்க்குப் பத்திரிகைகளில் இடமும் ஆராய்ச்சிக்குப் பணமும் வர ஆரம்பித்தன.

ஆட்டுக்குட்டி, முனகல், மாட்டு நுரையீரல்

இல்லாததைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 1960களில் சர்ஃபாக்டன்ட்டின் முக்கியக் கொழுப்பைச் செயற்கையாகத் தயாரித்து, புகை போல மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். உருப்படியான பலன் இல்லை. கொழுப்பு மட்டும் இருந்தால் அது வேகமாகப் பரவாது என்பதும், பரப்பிவிடும் வேலையைச் செய்வது அந்தக் கொஞ்சூண்டு புரதம்தான் என்பதும் அப்போது தெரியாது. (எஸ்பி-பி என்ற அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணு பழுதானால் நிறைமாதக் குழந்தையும் இதே போல மூச்சுத்திணறி இறக்கும் என்பது 1993இல் தெரியவந்தது.)

அப்புறம் திருப்பம் வந்தது நியூசிலாந்திலிருந்து. ஆக்லாந்தின் கிரஹாம் லிகின்ஸ் மகப்பேறு மருத்துவர்; அவருடைய கேள்வியே வேறு. பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று சினை ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஆடு முன்கூட்டியே ஈன்றது. அப்படிப் பிறந்த ஒரு குட்டி, அந்த வயதில் மூச்சே விட முடியாமல் இறந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் காற்று நின்றிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. லிகின்ஸ் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல், ஸ்டீராய்டு நுரையீரலை முன்கூட்டியே முதிர வைக்கிறது என்று 1969இல் எழுதினார். ஏவரியின் குழுவும் ஆட்டுக்குட்டிகளிலும் முயல்களிலும் இதைச் சோதித்து உறுதி செய்தது.

லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் சோதனை நடத்தி 1972இல் முடிவை வெளியிட்டார்கள். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் 9 சதவீதம்; போடாதவர்களிடம் 25.8 சதவீதம். இதுதான் முதலில் சொன்ன அந்த ஊசி. மருந்து தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய், இரண்டாம் வகைச் செல்களைச் சர்ஃபாக்டன்ட் தயாரிக்க முடுக்கிவிடுகிறது. ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் பலன் நன்றாக இருக்கும். அதனால்தான் கருப்பை சுருங்குவதை அடக்கும் மருந்து கொடுத்துப் பிரசவத்தை 48 மணி நேரம் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு தெளிவான, மலிவான மருந்து உடனே எல்லா இடத்துக்கும் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதைப் பரவலாகப் போடச் சொல்லிப் பரிந்துரைத்தது 1994இல். 22 ஆண்டுகள்! மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள், இந்த ஸ்டீராய்டு சோதனைகளின் முடிவுகளைக் குறிப்பவைதான். சான்று கையில் இருந்தும் பயன்படாமல் கிடந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்தி 2020இல் வெளியான சோதனையிலும், டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஊசி பச்சிளங்குழந்தை மரணங்களைக் குறைத்தது உறுதியானது.

குழந்தை பிறந்த பிறகு செய்யும் சிகிச்சைக்கு வழிகாட்டியது அந்த முனகல். மூச்சை விடும்போது குழந்தை குரல்வளையை ஓரளவு மூடிக்கொள்கிறது; காற்று முழுதும் வெளியேறிவிடாமல் அது செய்யும் தற்காப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிரெகரி இந்த வேலையைக் கருவியிடம் கொடுத்தார். மூச்சுப்பாதையில் இடைவிடாமல் மெல்லிய அழுத்தம் கொடுத்து, நுண்ணறைகள் மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் சிபாப். 1971இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பில் 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள்.

கடைசியில் சர்ஃபாக்டன்ட்டையே கொடுக்க வழி கண்டவர் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா. மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்துச் செம்மைப்படுத்திய சர்ஃபாக்டன்ட்டைத் திரவமாகவே குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் விட்டார். 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1980இல் வெளியானது. சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தேவை குறைந்தது, எக்ஸ்ரேயில் வெளுத்துக் கிடந்த நுரையீரல் தெளிந்தது. பிறகு நாடு நாடாகச் சோதனைகள். அமெரிக்காவில் முதல் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1990இல். அது கிளமென்ட்ஸ் உருவாக்கிய செயற்கை வகை. ஏவரியின் கட்டுரை வந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிழைத்த பிறகு

இதற்கிடையில் ஏவரி பல படிகள் ஏறியிருந்தார். 1964இல் பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் நோய்கள் பற்றிய பாடநூலை எழுதினார். நிறைமாதக் குழந்தைகளுக்கும் நுரையீரல் திரவம் தாமதமாக வடிவதால் ஒன்றிரண்டு நாள் வேகமூச்சு வரும், தானாகச் சரியாகிவிடும் என்று 1966இல் தனியே அடையாளம் காட்டியதும் அவர் குழுதான். மாண்ட்ரியலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1974இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். 1991இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம். 2011இல் காலமானார்.

இந்தப் பதவிகளைவிட அவருடைய 1987ஆம் ஆண்டு வேலை ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைமாதக் குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்ததும் புதுப் பிரச்சினை ஒன்று கிளம்பியிருந்தது. வாரக்கணக்கில் வென்டிலேட்டரும் அதிக ஆக்சிஜனும் நுரையீரலைப் புண்ணாக்கிவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டின் வில்லியம் நார்த்வே 1967இலேயே இதை விவரித்திருந்தார். ஏவரி எட்டு மருத்துவமனைகளின் கணக்கை வாங்கி ஒப்பிட்டார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குழந்தைகள், ஆனால் நியூயார்க்கின் கொலம்பியாவில் மட்டும் இந்த நாள்பட்ட நோய் குறைவு. அங்கே புதுக் கருவி ஒன்றும் இல்லை. குழந்தைக்கு உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்காமல், முதலிலிருந்தே மூக்கு வழியாகச் சிபாப் கொடுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். குழாயின் மறுமுனையை நீருக்குள் அமிழ்த்தி, எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம் என்று வைத்துக்கொள்ளும் குமிழிச் சிபாப்தான் அவர்களுடைய சாதனம். தன் மருத்துவமனையைவிட இன்னொன்று நன்றாகச் செய்கிறது என்று எண்களோடு அச்சில் போட எத்தனை தலைமை மருத்துவர்கள் முன்வருவார்கள்?

குமிழிச் சிபாப் விலை குறைவு என்பதால் இன்று இந்தியாவின் மாவட்ட அளவிலான மருத்துவமனைகள் வரை வந்திருக்கிறது. சர்ஃபாக்டன்ட்டின் கதை வேறு. அது இன்னும் பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் நுரையீரலிலிருந்துதான் வருகிறது, விலையும் அதிகம். சில மருத்துவமனைகளில், குழந்தை சிபாப்பில் தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாய் வழியாக அதைச் செலுத்துகிறார்கள்; வென்டிலேட்டர் பல நேரம் தேவைப்படுவதில்லை. குழாயே இல்லாமல் மூச்சுக் காற்றோடு கலந்து கொடுக்கலாமா என்று, 1960களில் தோற்றுப்போன அந்த வழியில், இப்போது புரதமும் சேர்த்துச் சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன.